யாரும் தொடாத வரி

எனக்குப் பொறுமை கிடையாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது இரண்டு முறையாவது கியரைத் தொட்டுவிடுவேன். ரைஸ் குக்கர் பக்கத்தில் நின்று அதை முறைத்துப் பார்ப்பேன். "நீ முறைச்சா அது பயந்து சீக்கிரம் வெந்துரும்" என்பார் என் கணவர். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் அந்தக் கிண்டல் அவருக்கு அலுக்கவில்லை.

இப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் சம்பளம் வாங்கியது, இயந்திரங்கள் கண் விழிக்கிற முதல் சில வினாடிகளைச் சரிபார்ப்பதற்கு. வீடு காஜா பேராங்கில், வேலை பத்து பெரெண்டாம் என்கிற ஊரின் தொழிற்பேட்டையில். எங்கள் கம்பெனி சின்னது. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்தோம். பெட்டிக்குள் உள்ளங்கை அளவு போர்டு ஒன்று இருக்கும். கரண்டு வந்ததும் பெரிய புரோகிராம் உடனே ஓட ஆரம்பித்துவிடாது. முதலில் பூட்லோடர் என்ற சின்னப் புரோகிராம் எழும். எந்த விளக்கை ஏற்றுவது, எந்தக் கம்பி வழியாகப் பேசுவது, நினைவகத்தை என்ன வேகத்தில் ஓட்டுவது என்று போர்டைத் தயார் செய்துவிட்டு, பெரிய புரோகிராமைத் தட்டி எழுப்பி, தான் ஒதுங்கிக்கொள்ளும். முதலாளி வருவதற்கு முன்னால் வந்து ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போடுகிற கடையாள் மாதிரி. அந்த ஆளிடம் யாரும் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலைத்தான் டிஃபால்ட் என்போம். அந்தப் பட்டியலை வரிவரியாகப் பார்த்து டிக் அடிப்பது என் பொறுப்பு.

நான் சொல்லவந்த பெட்டி கோழிக்கொட்டகைக்கானது. அடைத்த கொட்டகை என்றால் இரண்டு பக்கமும் கனத்த திரை போட்டு மூடியிருக்கும். கோடியில் ஆளுயரக் காற்றாடிகள் வரிசையாக நின்று காற்றை இழுத்து வெளியே தள்ளும். காற்றாடி நின்றால் உள்ளே அனல். அரை மணி நேரத்தில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு சாக ஆரம்பிக்கும். எந்தக் காற்றாடி எப்போது ஓடவேண்டும் என்று தீர்மானிப்பது எங்கள் பெட்டி.

சுதந்திர தின விடுமுறைக்கு முதல் நாள் மதியம் அந்தப் பட்டியலைப் பார்க்க உட்கார்ந்தோம். மேசை மேல் யாரோ சின்னச் சின்னக் கொடிகளைச் செருகி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் ஊருக்குப் போகிற அவசரம். எங்கள் தலைவர் புக்கிட் ரம்பாயில் குடியிருந்த சீனர், கெட்டிக்காரர், ஆனால் கூட்டம் நீண்டால் கொட்டாவி விடுவார். எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. சிப் செய்த கம்பெனி கொடுக்கும் மாதிரிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, நாங்கள் மாற்றிய வரிகளுக்கு மட்டும் மஞ்சள் பூசுவோம். கூட்டத்தில் மஞ்சள் வரிகளைப் பற்றி மட்டுமே பேச்சு. வெள்ளை வரி என்றால் யாரும் தொடாத வரி, அதில் தப்பு வர வழியில்லை என்று எண்ணம். இப்போது எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது. நாங்கள் தொடவில்லை என்றால் எங்கள் கொட்டகைக்கு அது சரிதானா என்று யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது பக்கத்தில் ஒரு வெள்ளை வரி. பெரிய புரோகிராமை எழுப்பும் முன் மூன்று வினாடி காத்திரு, அதற்குள் சர்வீஸ் கம்பி வழியாக ஏதாவது ஓர் எழுத்து வந்தால் எழுப்பாதே, அடுத்த உத்தரவு வரும்வரை அப்படியே நில். இது எங்களைப் போன்ற ஆட்களுக்காக வைத்த வசதி. கம்பியின் ஒரு முனையைப் போர்டிலும் மறு முனையைக் கணினியிலும் செருகி, ஏதாவது ஒரு விசையைத் தட்டினால் போர்டு நிற்கும். உள்ளே புகுந்து பார்க்கலாம்.

பென்சில் அந்த வரியில் நின்றது. பொய் சொல்லவில்லை, நின்றது. "இது கொட்டகையிலும் இப்படியே இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"அது சிப்பு கம்பெனி போட்டது லா. மஞ்சள் இல்லையே, அப்புறம் என்ன?" என்றார் தலைவர் மலாயில்.

அவர் மேல் பழி போட ஆசைதான். ஆனால் டிக் அடித்தது நான். அந்த மூன்று வினாடி எனக்கு வேண்டியிருந்தது. தினமும் முப்பது நாற்பது தடவை போர்டை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவள் நான். அதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் சுற்றி வளைத்து உள்ளே போகவேண்டும். மூன்று வினாடிக்கு மேல் எதற்கும் காத்திருக்காத என் புத்திக்கு அது மிகவும் தோதாக இருந்தது. அடித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, ஜாசின் போகிற வழியில் ஒரு பண்ணையில் பெட்டியைப் பொருத்தப் போனோம். பண்ணையை நடத்திவந்தவர் ஒரு சீன முதலாளி, எங்கள் பக்கப் பேச்சில் தவுக்கே. கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதுத் தமிழர். பண்ணைக்குள்ளேயே தகரக் கூரை வீட்டில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். மகள் அந்த வருடம் பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதவேண்டிய பெண். நான் அவரை அண்ணே என்றேன். அவர் என்னை முதலில் மேடம் என்றார், தே ஓ என்கிற பால் இல்லாத தேநீர் கொடுத்த பிறகு மா என்று ஆக்கிக்கொண்டார்.

பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கரண்டு போச்சுன்னா?" என்று கேட்டார்.

"நீங்க ஜெனரேட்டர ஓட விடுங்க. மத்தத அதுவே பாத்துக்கும்."

"அது முழிச்சிருச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் பச்ச லைட்டு எரியும்ணே."

"பச்ச லைட்டு" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இன்னொரு பண்ணையில் ஓர் ஆள் பெட்டியோடு விளையாடி ஃபியூசைப் போக்கிவிட்டிருந்தான். அந்தக் கோபத்தில் நான் ஒரு ஸ்டிக்கர் அடித்து வைத்திருந்தேன். சிவப்பு எழுத்தில், மலாயிலும் தமிழிலும்: தொடாதீர்கள். பெட்டியின் சுவிட்சுக்கு நேர் மேலே என் கையாலேயே ஒட்டி, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன். "காத்தாடி ஓட ரெண்டு நிமிஷம் ஆகும்ணே. அவசரப்பட்டு எதையும் தொட்டுராதீங்க" என்று வேறு சொன்னேன். அவசரத்தைப் பற்றி நான் உபதேசம் செய்தேன் பாருங்கள். கிளம்பும்போது எங்கள் ஆட்கள் சர்வீஸ் கம்பியைப் போர்டிலிருந்து கழற்றாமல் சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே விட்டார்கள். அடுத்த முறை வரும்போது தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று எப்போதும் அப்படித்தான்.

மூன்றாவது வாரம் ஒரு பிற்பகலில் இடி. பண்ணைப் பக்கம் கரண்டு போனது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதுதான் காற்றாடிகள் ஓடின. அதற்குள் பாதிக் கொட்டகை செத்துப்போயிருந்தது.

மறுநாள் எங்கள் ஆள் போய்ப் பெட்டியின் பதிவை எடுத்துவந்தான். கரண்டு போனது வரை பதிவு இருந்தது. அதன் பிறகு வெறுமை. கரண்டு திரும்பி வந்த நிமிடத்திலிருந்து மறுபடி பதிவு. இடையில் பெட்டி உயிரோடு இருந்ததற்கு ஓர் எழுத்துக்கூட இல்லை. அப்படியென்றால் அந்த ஒரு மணி நேரம் பெட்டிக்குக் கரண்டே கொடுக்கவில்லை, அந்த ஆள் ஜெனரேட்டரை ஓட்டவில்லை என்று எங்கள் தலைவர் அறிக்கை எழுதினார். பெட்டியில் கோளாறு இல்லை. தவுக்கே அதைப் படித்துவிட்டு, தூங்கியிருப்பான் இல்லாவிட்டால் குடித்திருப்பான் என்று முடிவு கட்டி, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அண்ணன் எனக்குப் போன் போட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அஞ்சு நிமிஷத்துல ஜெனரேட்டர ஓட விட்டேன் மா. பச்ச லைட்டு எரிஞ்சிச்சு. என் கண்ணால பாத்தேன். நீங்க சொன்னாப்பலயே எரிஞ்சிச்சு."

"காத்தாடி?"

"ஓடல. அபாயச் சங்கும் ஊதல. ரெண்டு நிமிஷம் ஆகும்னீங்க, நின்னு பாத்தேன். ஓடல. அப்புறம் ஓடிப்போயி கையாலயே திரைய சுத்தித் தூக்க ஆரம்பிச்சேன். நீளக் கொட்டகை மா. ஒரு பக்கம் பாதிதான் தூக்க முடிஞ்சிச்சு. இப்ப வீட்ட விட்டுப் போகச் சொல்றாரு. இந்த நேரத்துல எங்க லா போறது? பிள்ளைக்குப் பரீட்ச. ஸ்கூல் மாத்த முடியாது. நான் பொய் சொல்லலன்னு நீங்களாச்சும் தவுக்கேகிட்ட சொல்லுங்க."

பச்சை விளக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் மற்றவர்களுக்கு அது பொய் சொல்கிறவனின் அலங்காரம். எனக்கு அப்படி இல்லை. அந்த விளக்கை ஏற்றுவது பெரிய புரோகிராம் இல்லை, பூட்லோடர். பதிவு எழுதுவது பெரிய புரோகிராம். அபாயச் சங்கை ஊதுவதும் அதுதான். விளக்கு எரிந்து, பதிவும் இல்லை, சங்கும் ஊதவில்லை என்றால் போர்டு ஒரே ஓர் இடத்தில்தான் நின்றிருக்க முடியும். என் டிக் இருக்கிற இடத்தில்.

உடனே மேசைக்குப் போய்ப் போர்டை அணைத்து அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் மூன்று வினாடி காத்திருந்து ஒழுங்காக எழுந்தது. ஐம்பது முறை. நூறு முறை. மறுநாள் மறுபடியும். ஒரு முறைகூட நிற்கவில்லை. நிற்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், நிற்காதபோது ஒரு நிம்மதியும் வந்தது, அந்த நிம்மதி வந்ததற்காக என்மேலேயே அருவருப்பும் வந்தது. "விட்டுத் தள்ளு லா. நீ நூறு தடவை பார்த்துவிட்டாய். அந்த ஆள் ஒரு தடவைதான் பார்த்தான்" என்றார் தலைவர். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அந்த வாரம் முழுவதும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே எழுந்து நடப்பேன். கணவர் கிண்டல் செய்வதையே நிறுத்திவிட்டார், அதுவும் எரிச்சலாக இருந்தது. காலண்டரைப் பார்க்கப் பயம். மாதக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு செட்டி அக்கா வேலி ஓரம் நின்று, என்ன தொலைத்துவிட்டாய் என்று மலாயில் கேட்டார். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசுகிற செட்டிக் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது, என் முகத்தைப் படிக்க மட்டும் நன்றாக வரும். கோவில் பக்கம் விசேஷத்துக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டிருந்தான். பேசாத நேரத்தில் ஒலிபெருக்கி அமைதியாக இருந்தது. பிறகு மைக்கை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டு, கம்பியை அப்படியே தரையில் போட்டுவிட்டான் போலிருக்கிறது. 'ம்ம்ம்' என்று உறுமல் தெருவெல்லாம் கேட்டது. அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மறு முனையில் எதுவும் இல்லாத கம்பி வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. பக்கத்தில் ஓடுகிற கரண்டையெல்லாம் இழுத்துப் பேச ஆரம்பித்துவிடும். என் மேசையில் இருந்த சர்வீஸ் கம்பியின் மறு முனை எப்போதும் என் கணினியில் செருகியே இருந்தது. அந்த நூறு முறையும், மறுநாளும். பண்ணையில் அதே கம்பி காற்றாடிக்குப் போகிற தடித்த ஒயர்களோடு சுருண்டு கிடந்தது, மறு முனை வெறுமையாக. அது உளறுகிற ஏதோ ஒன்று அந்த மூன்று வினாடிக்குள் விழுந்தால் போர்டுக்கு அது ஓர் எழுத்து. யாரோ விசையைத் தட்டிவிட்டார்கள் என்று நினைத்து, நின்றுவிடும். உத்தரவுக்காக. பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு. கரண்டு திரும்பி, ஜெனரேட்டரிலிருந்து மாறுகிற நொடியில் ஒரு தடவை அணைந்து எழும்வரை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு ஜாசின் சாலையில் எப்படிப் போனேன் என்று இன்னும் எனக்குச் சரியாக நினைவில்லை. கொட்டகை கழுவிக் காலியாகக் கிடந்தது. அண்ணன் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றில் பாடப்புத்தகங்கள், மேலே ரப்பர் பேண்டு போட்ட நோட்டுகள். வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லாமல், "மெயின அணைச்சிட்டு ஜெனரேட்டர போடுங்கண்ணே" என்றேன்.

போட்டார். பச்சை விளக்கு வந்தது, காற்றாடிகள் ஓடின. அணைக்கச் சொன்னேன். மறுபடி போட்டார், ஓடின. ஐந்தாவது முறையும் ஓடின. அவர் ஒன்றும் கேட்காமல் நான் சொன்னதைச் செய்துகொண்டிருந்தார். ஆறாவது முறை பச்சை விளக்கு வந்தது, காற்றாடி அசையவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஜெனரேட்டர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"இதான்" என்றார் அண்ணன். "இதே மாதிரிதான் மா அன்னிக்கு."

தவுக்கேக்குப் போன் போட்டேன். அரை மணியில் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார், ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போன கோபத்தோடு. அவர் முன்னால் போட்டால் முதல் நான்கு முறையும் பெட்டி சமர்த்தாக எழுந்தது. எனக்கு அதை உடைத்துவிடலாம் போல் இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாவது முறை நின்றது. நான் சர்வீஸ் கம்பியைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். அதன் பிறகு இருபது முறை போட்டோம், இருபது முறையும் ஓடியது.

"அப்போ இவன் பொய் சொல்லவில்லை" என்றார் தவுக்கே மலாயில்.

"இல்லை. தப்பு எங்களுடையது. இன்னும் சரியாகச் சொன்னால் என்னுடையது. நான் பார்த்து அனுப்பிய வரி." திங்கட்கிழமை தலைவரிடம் என்ன பாட்டு வாங்கப்போகிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கைக்கு எதிராக நான் இன்னோர் அறிக்கை எழுதவேண்டும். எழுதினேன். மூன்று வினாடியை எடுத்தோம், நின்றுபோனால் தானே மறுபடி எழுகிற காவலைப் போட்டோம், வெள்ளை வரிகளையும் வாய்விட்டுப் படிக்கிற வழக்கத்தைச் சண்டை போட்டுக் கொண்டுவந்தேன். அதெல்லாம் பிறகு நடந்தது.

தவுக்கே பின்னந்தலையைச் சொறிந்தார். பக்கத்திலேயே நிற்கிற மனிதரைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, "வீட்டைக் காலி செய்யவேண்டாம் என்று அவனிடம் சொல்" என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அண்ணன் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியிடம் கையை ஆட்டினார். அந்த அம்மாள் ஒரு வினாடி நின்று பார்த்துவிட்டு, குனிந்து, புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தோடு கிளம்பியிருக்கலாம். காரின் சாவியைக் கையில் எடுத்தும்விட்டேன்.

"ஒன்னு கேக்கவா மா?" என்றார் அண்ணன். பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அன்னிக்கு அது நின்னுக்கிட்டிருந்திச்சு. சரி. அத ஓட வைக்கணும்னா நான் என்ன செஞ்சிருக்கணும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெரிய வேலை, உங்களால் முடிந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"இந்த சுவிட்ச ஒரு தடவ ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிருந்தா போதும்ணே. திரும்ப எழுந்திருக்கும்."

"ஒரு தடவயா?"

"ஒரு தடவ. திரும்ப நின்னா இன்னொரு தடவ."

அவர் சுவிட்சைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த சிவப்பு எழுத்துகளைப் பார்த்தார். திரையைச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போயிருந்த வலது கையை மெதுவாகக் கொண்டுபோய், சுவிட்சுக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தினார்.

"இது வரைக்கும் கொண்டுவந்தேன் மா, அன்னிக்கு. ரெண்டு தடவ." கையைக் கீழே போட்டார். குரலில் கோபமே இல்லை. "தொடாதீங்கன்னு சொன்னீங்க. தொடல."